கணினிகளின் பொதுக் களஞ்சியம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

எமக்கு இன்று தரப்பட்டிருக்கும் பொருள் கணினித் துறையைச் சார்ந்தது. சர்வர்கள் பலவற்றைப் பொதுவானதொரு சேமிப்பகத்துடன், சாதாரண ஐ.பி. வலையமைப்பின் வழியே இணைப்பது எங்ஙனம் என்பதே அது. வரலாறு படித்து ஆசிரியப் பணிக்கு வந்த எமக்கு இஃது அயல் பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம்மிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் இன்று டேட்டா சென்டர்களில் இரவுப் பணி பார்க்கின்றனர். "என்ன வேலை, தம்பி?" என்று வினவினால், "சர்வர் பாத்துக்கிறேன் ஐயா" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். கேபிளைச் செருகத் தெரிந்தவர் அதனுள் ஓடுவது யாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். ஏன் வேண்டும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

முற்காலத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் அதனதன் பெட்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோ வன்தட்டு, அஃதாவது ஹார்டு டிஸ்க், இருந்தது. தட்டோடு பேசுவதற்கென அமைந்த ஆணைமொழிகளுள் ஸ்கஸி என்பது ஒன்று. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1986இல் அதனைத் தரமாக ஏற்றது. 'இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனை கட்டங்களைப் படித்துத் தா', 'இதனை இந்தக் கட்டத்தில் எழுது' என்பன போன்றவையே அம்மொழியின் சாரம். கட்டம் என்று யாம் கூறுவதைத் துறையினர் பிளாக் என்பர். அதன் கேபிளோ குறுகியது. முதல் தரத்தின் எளிய வகை ஆறு மீட்டருக்கு மேல் செல்லாது.

இதனால் விளைந்த இடர் பெரிது. பத்து சர்வர்கள் இருக்குமிடத்தில் ஒன்றின் தட்டு நிரம்பி வழியும். மற்றொன்றில் முக்காற்பங்கு வெறுமையாய்க் கிடக்கும். சர்வர் ஒன்று பழுதுற்றால், அதனுள் இருக்கும் தட்டு நலமாயிருந்தும் தரவு அங்கேயே சிறைப்பட்டுவிடும். ஆகவே தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து ஒரே பெட்டகத்தில் அடுக்கி, எந்த சர்வரும் தனக்குரிய பங்கை அங்கிருந்து பெறுமாறு செய்தனர். இதற்கென முதலில் ஓங்கி வளர்ந்தது 1994இல் தரம் பெற்ற ஃபைபர் சேனல் முறை. நல்ல முறைதான், பெரிய நிறுவனங்கள் இன்றும் அதனைக் கைவிடவில்லை. ஆனால் அதற்கெனத் தனி அட்டை, தனி சுவிட்ச், தனிப் பயிற்சி பெற்ற பணியாளர் என எல்லாமே தனித்தனியாக வேண்டும். சொந்தமாகச் சாலை போட்டுக்கொள்ளும் வசதியுடையோர்க்கே அது கைகூடியது.

சாலையோ ஏற்கெனவே எல்லா அலுவலகங்களிலும் இருந்தது. ஈதர்நெட் கேபிளும் ஐ.பி. வலையமைப்பும் மேசைதோறும் வந்துவிட்டன. அந்தப் பொதுச் சாலையிலேயே ஸ்கஸி ஆணைகளை ஏற்றியனுப்பினால் என்ன என்று ஐ.பி.எம்., சிஸ்கோ ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் சிந்தித்தனர். 2000இல் வரைவு ஒன்று முன்வைக்கப்பட்டது. 2004 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 3720 என்னும் எண்ணுடன் அது இணையத் தரமாக வெளிவந்தது. 2014 ஏப்ரலில் திருத்தித் தொகுக்கப்பட்டு 7143 என்னும் எண் பெற்றது. ஐ-ஸ்கஸி என்பது அதன் பெயர். இவ்வாவணங்களை எவரும் காசின்றிப் படிக்கலாம் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. மொழி சற்றுக் கடினம். அகராதியும் பொறுமையும் இருந்தால் போதும்.

அது செயற்படும் முறை உறைக்குள் உறை இடுவது போன்றது. ஸ்கஸி ஆணையை ஓர் உறையிலிட்டு, அதனை டி.சி.பி. என்னும் உறையிலும், அதனை ஐ.பி. என்னும் உறையிலும், பின்னர் ஈதர்நெட் உறையிலும் இட்டு அனுப்புகின்றனர். வழியில் ஒன்று தொலைந்தால் டி.சி.பி. மீண்டும் அனுப்பும், வரிசை மாறினால் ஒழுங்கு செய்யும். கேட்கும் பக்கத்திற்கு இனிஷியேட்டர் என்றும், கொடுக்கும் பக்கத்திற்கு டார்கெட் என்றும் பெயர். டார்கெட் வழக்கமாக 3260ஆம் போர்ட்டில் காத்திருக்கும். அது பிரித்துத் தரும் ஒவ்வொரு பங்கும் லன் எனப்படும். பெருந்தரவை எழுதும்போது, 'இத்தனை எழுதப்போகிறேன்' என்று இனிஷியேட்டர் முதலில் சொல்கிறது. 'ஆயத்தம், அனுப்பு' என்று டார்கெட் விடையிறுக்கிறது. அதன் பின்னரே தரவு செல்கிறது. முடிவில் 'எழுதியாயிற்று' என்னும் ஒப்புதல் திரும்பி வருகிறது. சர்வரின் இயங்குதளமோ தட்டு தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு வழக்கம்போல் வேலை செய்கிறது.

இனி, இளைஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பொதுச் சேமிப்பகம் என்றவுடன் எல்லா சர்வர்களும் ஒரே பங்கை ஒருங்கே பயன்படுத்தலாம் என்று கருதிவிடுகின்றனர். அங்ஙனமன்று. கோப்பைப் பகிர்வது வேறு, கட்டத்தைப் பகிர்வது வேறு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முதல் வகை. நூலகரிடம் நூலின் பெயரைச் சொல்கிறோம். அவர் எடுத்துத் தருகிறார். பட்டியல் அவர் ஒருவர் கையில் இருப்பதால் நூறு பேர் வந்தாலும் குழப்பமில்லை. ஐ-ஸ்கஸி இரண்டாம் வகை. இங்கே நூலகர் இல்லை. அலமாரியின் சாவியே நம்மிடம் தரப்படுகிறது. எதை எங்கே வைத்தோம் என்னும் பட்டியலை நாமே பேணுகிறோம்.

ஒரே அலமாரியின் சாவியை இரு சர்வர்களிடம் கொடுத்தால் யாது நிகழும்? ஒவ்வொன்றும் பட்டியலைத் தன் நினைவகத்தில் படியெடுத்துக்கொண்டு, பின்னர் அப்படியை நம்பியே நடக்கும். முதல் சர்வர் 500ஆம் கட்டத்தில் ஓர் ஏட்டை வைக்கிறது. இரண்டாவதன் படியில் அக்கட்டம் வெறுமையெனக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதுவும் தன் ஏட்டை அங்கேயே வைக்கிறது. முன்னது அழிந்தது. உடனே எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. பல நாள் கழித்துத் திறந்து பார்க்கும்போதே சிதைவு தெரியவரும்.

எம் பழைய மாணவர் ஒருவர் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இதுவே நடந்தது. சிதைந்தவை ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருகைப் பதிவுகள். மூட்டை சுமந்தவர்களும் துப்புரவு செய்தவர்களும் அம்மாதக் கூலிக்காக நாள்கணக்கில் அலைந்தனர். பழி கேபிளைச் செருகிய இளைஞர்மேல் விழுந்ததேயன்றி, செருகுமாறு பணித்த மேலாளர்மேல் விழவில்லை. 'ஒரு லன்னை இரு சர்வர்களுக்குக் கொடுப்பதாயின் அதற்குரிய கோப்பமைப்பு வேண்டும்' என்று அவர் அன்றே எழுத்தில் கேட்டிருந்தால் நிலைமை மாறியிருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, கற்பித்தவர் எவருமில்லை.

அதற்குரிய கோப்பமைப்பு உண்டு. ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2, வி.எம்.வேர் நிறுவனத்தின் வி.எம்.எஃப்.எஸ். ஆகியவை பல சர்வர்கள் ஒரே அலமாரியைப் பூட்டி முறைவைத்துக் கையாள வகை செய்கின்றன. இதன் பயன் வியக்கத்தக்கது. ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமலேயே மற்றொரு சர்வருக்கு மாற்றிவிடலாம். தட்டு பொது இடத்தில் இருப்பதால் நினைவகத்தில் உள்ளதை மட்டும் நகர்த்தினால் போதும்.

பொதுச் சாலையில் செல்வதால் காவலும் தேவை. சாப் என்னும் மறைச்சொல் முறை வருபவர் யார் என்பதை மட்டுமே சரிபார்க்கும். செல்லும் தரவை மறைக்காது. ஆகவே சேமிப்பகப் போக்குவரத்துக்கெனத் தனி வி-லான் ஒதுக்குவது நன்று. மறைக்க வேண்டுமாயின் ஐபிசெக் வேண்டும். பாதையும் இரண்டாக இருத்தல் நலம்: இரண்டு அட்டை, இரண்டு கேபிள், இரண்டு சுவிட்ச். இரு கேபிள்களையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டு இரட்டைப் பாதை என்று பெருமை கொள்வோரும் உளர்! அந்த சுவிட்ச் அணைந்தால் இரண்டும் அணையும்.

இன்னுமொரு நுட்பம். ஈதர்நெட் பொட்டலத்தின் வழக்கமான அளவு 1500 பைட். சேமிப்பகத்திற்காக அதனை 9000 ஆக உயர்த்துவர். உயர்த்தினால் சர்வர், சுவிட்ச், பெட்டகம் மூன்றிலும் உயர்த்த வேண்டும். இடையிலுள்ள சுவிட்சில் விட்டுவிட்டால் இணைப்பு ஏற்படும், சிறு வேலைகள் நடக்கும், பெரிய கோப்பை அனுப்பும்போது மட்டும் நின்றுவிடும். இதனைக் கண்டுபிடிக்க இராமுழுதும் விழித்தோர் பலர்.

பொதுச் சேமிப்பகம் காப்புப்படி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அழித்தது அங்கே அழிந்ததுதான். மறுபடி வேறிடத்தில் இருந்தாலன்றி மீளாது.

2018இல் என்.வி.எம்.இ. என்னும் புதிய ஆணைமொழியையும் டி.சி.பி. வழியே அனுப்பும் முறை தரமாகியுள்ளது. வேகம் மிகுந்தது. ஆயினும் ஐ-ஸ்கஸியைக் கற்றவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. உறைக்குள் உறை என்பதே அங்கும்.

இவற்றைக் கற்க விலையுயர்ந்த பெட்டகம் வேண்டுவதில்லை. பழைய கணினி இரண்டும் சிறு சுவிட்ச் ஒன்றும் போதும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் 2011 முதலே டார்கெட் மென்பொருள் அடங்கியுள்ளது. ஓப்பன்-ஐ-ஸ்கஸி என்னும் இனிஷியேட்டரும் இலவசமே. ஒரு கணினியில் வெறுங்கோப்பு ஒன்றையே தட்டாகக் காட்டி, மற்றொன்றிலிருந்து அதனை இணையுங்கள். பெரிய கோப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளை உருவுங்கள். எழுத்து நின்று காத்திருக்கும். இயல்பான அமைப்பில் அந்தக் காத்திருப்பு 120 நொடி. அதற்குள் மீண்டும் செருகிப் பாருங்கள். மற்றொரு முறை 120 நொடி கடந்தபின் செருகிப் பாருங்கள். இரண்டிலும் திரையில் தோன்றும் செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு மாலை கழக அறையில் உடனிருந்து படித்துப் பார்ப்போம்.