தாயின் நேரமும் சேயின் நலமும்

குழந்தைகளின் உடல்நலம் பற்றிய விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் உணவு, தடுப்பூசி, மருத்துவமனை ஆகிய மூன்றையே சுற்றி வருகிறது. இவற்றின் இன்றியமையாமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இம்மூன்றும் குழந்தையைச் சென்றடைவது பெரும்பாலும் தாயின் கை வழியாகவே. அந்தக் கைக்கு ஓய்வு உண்டா, அதில் காசு உண்டா என்ற கேள்விகளுக்குத் திட்ட ஆவணங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை.

2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். பள்ளிக்கே செல்லாத தாய்மாரின் குழந்தைகளில் இது 46 சதவீதம்; பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த தாய்மாரின் குழந்தைகளில் 26 சதவீதம். படித்த பெண் வசதியுள்ள வீட்டில் வாழ்க்கைப்படுகிறாள், ஆகவே இது படிப்பின் பயனன்று, பணத்தின் பயனே என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. மம்தா மூர்த்தி, ஆன் கேத்தரின் கியோ, ஜான் திரேஸ் ஆகிய மூவரும் 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு 296 மாவட்டங்களை ஆராய்ந்து, 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வறுமை உள்ளிட்ட பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னரும், பெண்களின் எழுத்தறிவு குழந்தை இறப்பைக் கணிசமாகக் குறைப்பதை அது காட்டிற்று. ஆண்களின் எழுத்தறிவுக்கு அத்தகைய ஆற்றல் காணப்படவில்லை.

எனினும், பெண்ணின் நிலை என்பதை ஏதேனும் ஓர் அளவுகோலால் மட்டும் அளந்துவிட முடியாது. மேகாலயத்தின் காசி இனத்தவரிடையே குடிவழி தாய்வழியே செல்கிறது. குடும்பச் சொத்து கடைசி மகளைச் சேர்கிறது. ஆனால் அதே ஆய்வில் உயரக் குறைவு மிகுந்த மாநிலம் மேகாலயமே: 46.5 சதவீதம். மலைச் சிற்றூர்களின் வறுமையும், அடுத்தடுத்த பேறுகளும், எட்டாத மருத்துவ வசதியும் வழிமுறைச் சொத்துரிமையின் பயனை விழுங்கிவிடுகின்றன போலும்.

கல்வியும் சொத்தும் பேசப்படும் அளவுக்குத் தாயின் நேரம் பேசப்படுவதில்லை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதத்திற்குப் பின் மூன்று நான்கு முறையும் குழைவான உணவு ஊட்ட வேண்டும். அதன் வயிறு சிறிது. ஒரே வேளையில் நிரப்பிவிட இயலாது. கூலிக்கு நடவு நடும் தாயோ விடியலில் சென்று மாலையில் திரும்புகிறாள். குழந்தை எட்டு வயது அக்காளின் இடுப்பில் இருக்கிறது. அக்காளின் பள்ளிப் படிப்பும் அத்துடன் போகிறது. கங்கைச் சமவெளியில் நடவுக் காலமும் மழைக்காலமும் ஒன்றே. வீட்டில் தானியம் குறைந்திருக்கும் காலமும், வயிற்றுப்போக்கு பெருகும் காலமும் அதுவே. வேலை கிடைக்கும் அந்த வாரங்களில் அவள் வீட்டில் இருந்தால் கூலி போகும். வேலைக்குச் சென்றால் குழந்தை மெலியும். இது அறியாமை அன்று. இரண்டு இழப்புகளில் ஒன்றை அவள் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த அவையிலுள்ள திட்ட அலுவலர்கள் அறிந்ததே: 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தில், மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளோருக்குச் சமைத்த உணவு அங்கன்வாடியில் கிடைக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்குச் சத்துமாவு போன்ற பொருள்கள் வீட்டுக்குத் தரப்படுகின்றன. ஊட்டக் குறைவு வேரூன்றுவது முதல் இரண்டு ஆண்டுகளில். அந்த வயதுக்குரிய உணவு, ஊட்டுவதற்கு ஆளில்லாத வீட்டுக்குச் செல்கிறது.

சட்டத்தின் பாதுகாப்பும் ஏற்றத்தாழ்வானது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அமைப்புசார் துறைப் பெண்ணுக்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. அதே ஆண்டு தொடங்கிய பிரதமர் தாய்மை வந்தனத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் வழங்கிற்று. நாட்கூலி 300 ரூபாய் எனக் கொண்டால் அது 17 நாள் கூலிக்கும் குறைவு. ஒரு தாய்க்கு 182 நாள், மற்றொரு தாய்க்கு 17 நாள்.

குழந்தைக் காப்பகம் புதிய கருத்தன்று. 1969இல் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானத் தளத்தில், மண்ணில் கிடந்த கூலிப் பெண்களின் குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதே ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தளங்களில் காப்பக அறை வேண்டுமென்றது. பத்துப் பெண்கள் வேலை செய்யும் சிறு தளத்துக்கு அந்த விதி எட்டவில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமோ, ஐந்து குழந்தைகள் இருந்தாலே ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தலாம் என்றது. இது சிக்கனமான, அறிவுடைய ஏற்பாடு. ஐம்பது என்ற வரம்பைவிட ஐந்து என்ற வரம்பே கிராமத்தின் நிலைமைக்குப் பொருந்துவது.

தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் 2022இல் ‘பால்னா’ என மாற்றியமைக்கப்பட்டு, அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்க வழி செய்யப்பட்டது. மாவட்ட அளவில் இதைச் செயற்படுத்துவோர் கட்டடத்துக்கு முன்னதாகக் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம், ஆறு மணிக்கு வயலில் இறங்கும் பெண்ணுக்குப் பயன்படாது. குறைந்தது நடவு, அறுவடை மாதங்களிலேனும் திறக்கும் நேரத்தை அந்தந்த ஊரின் வேலை நேரத்தோடு பொருத்தி, அதற்கான கூடுதல் பணியாளர் ஊதியத்தை ஆண்டு மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுதல் வேண்டும்.