வயிற்று வலியும் மிச்சக் குளிசையும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பேசியது)

 

நம்ம லயத்தில் ஒருவருக்கு வயிறு வலித்தால் என்ன செய்கிறோம்? "வாயுவா இருக்கும், இஞ்சி தட்டிக் குடி" என்கிறோம். அதுக்கும் கேட்காவிட்டால், பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக் குளிசையில் மிச்சம் இருப்பதைப் போடச் சொல்கிறோம்.

ஒரு சம்பள நாளுக்கு மறுநாள் நம்ம டிவிசனில் ஒரு அண்ணனுக்கு இப்படித்தான் நடந்தது. மேல் வயிற்றில் பிடித்த வலி முதுகு வரைக்கும் போனது. வாந்தி நிற்கவே இல்லை. இரண்டு நாள் மிச்சக் குளிசையைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சிறுநீர் குறைந்து, பேச்சும் தடுமாறிவிட்டது. ஆள் பிழைத்தார். ஆனால் வீணாய்ப்போன அந்த இரண்டு நாளில் எங்களுக்கும் பங்கு உண்டு. நலன்புரி உத்தியோகத்தர் என்று இருந்தும், அப்போது எங்களுக்கும் இந்த நோய் தெரியாது.

அவருக்கு வந்தது சதையி அழற்சி. சதையியைக் கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் இருந்து, சாப்பாடு செமிக்கச் சாறு சுரப்பது அது. அந்தச் சாறு குடலுக்குப் போன பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலோ, சாராயம், கசிப்பு அளவுமீறிப் போனாலோ, சாறு சதையிக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அதையே அரித்துவிடும். கொதிதண்ணி பட்ட கை மாதிரி உள்ளே வெந்து வீங்கும். தொடக்கத்தில் அங்கே கிருமி இல்லை. அன்டிபயோட்டிக் கிருமியைத்தான் கொல்லும், வேக்காட்டை ஆற்றாது.

"பின்னால் கிருமி வராமல் முன்கூட்டியே கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். டொக்டர்மாரும் வெகுகாலம் அப்படி நினைத்துக் கொடுத்தவர்கள்தான். ஜெர்மனியில் 114 நோயாளிகளை வைத்துப் பார்த்து 2004இல் முடிவைச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மை மருந்து, மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. முன்கூட்டிக் கொடுத்ததால் பலன் தெரியவில்லை. 2007இல் 100 பேருக்கு இன்னும் வலுவான மருந்தை வைத்துச் செய்த ஆய்விலும் அதே கதை. அதனால் இப்போது கிருமி தொற்றியதற்கு அடையாளம் இல்லாமல் கொடுப்பதில்லை.

ஆகவே "சேலைன் மட்டும் ஏத்துறாங்க, நல்ல மருந்து தரல" என்று வாட்டில் சண்டை பிடிக்காதீர்கள். இந்த நோய்க்கு முதல் மருந்தே அந்தச் சேலைனும் வலி குறைக்கும் மருந்தும்தான். வாந்தி அடங்கியதும் மெல்லச் சாப்பாடு தொடங்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கிழமையளவில் குணமாகும். சிலருக்குச் சதையியின் ஒரு பகுதி செத்து, பிறகு அதில் கிருமி தொற்றும். பித்தக் குழாய் அடைத்துக் காய்ச்சலும் மஞ்சள் நிறமும் வருவதும் உண்டு. அப்போது அன்டிபயோட்டிக் உயிர் காக்கும். அதை டொக்டர் இரத்தமும் ஸ்கேனும் பார்த்துத் தீர்மானிப்பார். கண்டபடி போட்டுப் பழக்கினால், தேவைப்படும் நாளில் கிருமி மருந்துக்கு அடங்காது. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் ஐயாவே 1945இல் இதை எச்சரித்தார்.

மேல் வயிற்று வலி விடாமல் இருந்து, முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். வீட்டில் என்ன குளிசை போட்டீர்கள், குடித்தாரா இல்லையா என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். குணமாகி வந்த பிறகு, கல்லால் வந்ததென்றால் பித்தப்பையை எடுக்கச் சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள். குடியால் வந்ததென்றால் இனி ஒரு சொட்டும் வேண்டாம். இரண்டிலும் விட்டால் நோய் திரும்பி வரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் டப்பாவில் கிடக்கும் மிச்ச அன்டிபயோட்டிக் குளிசைகளை எடுத்து டிஸ்பென்சரியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வீட்டு ஆளுக்கு வலி வந்தால் குளிசை கொடுக்காதீர்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அதுதான் உதவி.