கொடுப்பது யார் கணக்கில்?



பிடிபட்ட சிப்பாயை மீட்கக் கைதிகளை விடலாமா என்று பேசச் சொன்னீர்கள். 2006இல் கிலாத் ஷாலித் என்ற இஸ்ரேலியச் சிப்பாயை ஹமாஸ் பிடித்துப் போனது. 2011இல் அந்த ஒருவருக்காக 1,027 கைதிகளை விட இஸ்ரேல் ஒப்புக்கொண்டது. பெற்றவர்கள் பிரதமர் வீட்டருகே கூடாரம் போட்டுப் போராடி மகனை மீட்டார்கள். தாக்குதல்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோ, விடாதே என்று நீதிமன்றம் போனார்கள்; தோற்றார்கள். அன்று வெளியே வந்தவர்களில் ஒருவர் யாஹ்யா சின்வார். அவர் திட்டமிட்ட 2023 அக்டோபர் 7 தாக்குதலும், அதற்குப் பின் காஸாவில் செத்து மடிந்த பிள்ளைகளும் உங்கள் நினைவில் இருக்கும்.

நம் மண்ணிலும் இது நடந்தது. 2000 ஜூலை 30, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர். கன்னட நடிகர் ராஜ்குமாரைக் காட்டுக் கொள்ளைக்காரன் வீரப்பன் கடத்தினான். மைசூர் சிறையில் தடா சட்டத்தின் கீழ் இருந்த கைதிகளையும் தமிழகச் சிறையில் இருந்த சிலரையும் விடச் சொன்னான். இரு மாநில அரசுகளும் இணங்கின. ராஜ்குமாருக்கு ஏதாவது ஆனால் பெங்களூருத் தமிழர்கள் மேல் கலவரம் பாயுமோ என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. 1991 காவிரிக் கலவரத்தின் காயம் ஆறியிருக்கவில்லை.

அப்போது ஒரு தகப்பன் எழுந்தார். பெயர் அப்துல் கரீம். 1992இல் வீரப்பன் கும்பல் கொன்ற சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தந்தை. என் மகனைக் கொன்ற வழக்கை யாரைக் கேட்டுக் கைவிடுகிறீர்கள் என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். நவம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதற்குச் சில நாளில், 108 நாள் காட்டில் இருந்த ராஜ்குமார் உயிரோடு வந்தார்.

ஆகவே மறுப்பதுதான் சரி என்று இங்கேயே கைதட்டி முடித்துவிடாதீர்கள். 2002இல் அதே வீரப்பன் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கடத்தினான். அவர் பிணமாகத்தான் வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை அதிகம் உறுத்துவது இதுதான். அந்தத் தடா வழக்குகள் 2001இல் முடிந்தபோது, கைதிகளில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். மலையோரத்து ஏழைகள், ஆண்டுக்கணக்கில் தீர்ப்பில்லாமல் கிடந்தவர்கள். வீரப்பன் கேட்டதால் அவர்களை விட நினைத்த அரசுக்கு, நியாயம் கேட்டபோது காது கேட்கவில்லையே! அவர்களை எவனும் துப்பாக்கி முனையில் கேட்டிருக்கவே வேண்டாம். விசாரணையை ஒழுங்காக நடத்தியிருந்தால் என்றைக்கோ வீடு போயிருப்பார்கள்.

மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபோது தெருவில் இறங்கிய ஊர் இந்தத் தேர்வாய் கண்டிகை. பொதுநன்மை என்று மேலே முடிவெடுப்பார்கள், இழப்பவர் வேறு யாரோ என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிப்பாயை அனுப்பிய நாடு அவனை மீட்கப் பேசத்தான் வேண்டும். போர்க்கைதிக்குப் போர்க்கைதி என்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளட்டும். கொலைக் குற்றவாளியை விடுவதானால், கொலையுண்டவரின் வீட்டாரை முதலில் அழைத்து உட்கார வைத்துக் கேட்கட்டும். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பை மீறுவதற்கான காரணத்தை அரசு நீதிமன்றத்தில் எழுத்தில் சொல்லட்டும். அப்துல் கரீம் மனுப்போட்டுப் பெற்ற இடத்தை, அவர் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும்.