படத்துல இருக்கிற இடது, யாரோட இடது?

இந்த எபிசோடை அடி அண்ணாமலையில எங்க ஆயா வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். கீழ கிரிவலப் பாதை, அதனால நடுவுல ஷேர் ஆட்டோ ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. வழக்கமா கோட் பத்திப் பேசுவோம். இன்னிக்கு ஒரு ஸ்கேன் ஃபிலிம் பத்தி. அதை நான் தப்பாப் படிச்ச கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில ஆயா வலது கையில டீ டம்ளரைப் பிடிக்க முடியாம கீழ போட்டுட்டாங்க. வாய் லேசா கோணியிருந்தது. "காத்து பட்டிருக்கும், கொஞ்ச நேரம் படு"ன்னு வீட்டுல எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். மதியத்துக்கு மேல பேச்சு குழற ஆரம்பிச்ச பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தக்கட்டி அடைச்சு வர்ற பக்கவாதம்னா, கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தே ஆகணும். ஏன்னா உள்ள ரத்தக்கசிவா இருந்தா அதே ஊசி உயிருக்கு ஆபத்து. எங்களுக்கு அந்த நேரம் தாண்டிடுச்சு. வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல், இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. எப்போ ஆரம்பிச்சதுன்னு மணியைக் குறிச்சு வைங்க. டாக்டர் முதல்ல கேட்கிறதே அதைத்தான்.

மறுநாள் இரண்டாவது சிடி ஸ்கேன். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். வலது ஓரமா ஒரு கறுப்புத் திட்டு. வலது கை வரலை, படத்துலயும் வலது பக்கம், கணக்கு சரியா இருக்குன்னு நினைச்சேன். ரிப்போர்ட்டைப் பிரிச்சா இடது மூளைன்னு இருக்கு. கவுன்ட்டர்ல போய் நின்னு, ரிப்போர்ட் மாறிப் போச்சு, இடது வலது கூடத் தெரியாதான்னு கத்தினேன். டெக்னீஷியன் அண்ணா உள்ள இருந்து வந்தார். கோபப்படலை. ஃபிலிமோட இடது ஓரத்துல பொடியா இருந்த 'ஆர்' எழுத்தை விரலால தொட்டுக் காட்டினார். "தம்பி, நீங்க உங்க ஆயாவோட கால்மாட்டுல நின்னு பாக்கறீங்க."

மல்லாந்து படுத்திருக்கிறவங்களைக் குறுக்கே ஒரு துண்டு வெட்டி, கால் பக்கம் நின்னு தலையை நோக்கிப் பார்க்கிற படம் அது. அவங்க வலது நம்ம இடது கைப் பக்கம் வரும். இது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். இன்னொண்ணு, உடம்போட வலது பாதியை இயக்குறது மூளையோட இடது பாதி. நரம்பு இழைகள்ல பெரும்பாலானது முகுளத்துல பக்கம் மாறிப் போகுது. ரெண்டு மைனஸ் சேர்ந்து ப்ளஸ் ஆன மாதிரி, என்னோட ரெண்டு அறியாமையும் சேர்ந்து ஒரு சரியான விடை மாதிரி தெரிஞ்சிருக்கு. இப்படிப்பட்ட பக்-ஐ ப்ரொடக்‌ஷன்ல பார்த்திருப்பீங்க.

அதனாலதான் உடற்கூறியல் பாடமே ஒரு நிலைப்பாட்டோட தொடங்குது. நேரா நின்னு, முகம் முன்னால, கை ரெண்டும் பக்கவாட்டுல, உள்ளங்கை முன்னோக்கி. ஆள் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் சொற்கள் எல்லாம் இந்த நிலையை வச்சுத்தான். தலைப் பக்கம் சுப்பீரியர், கால் பக்கம் இன்ஃபீரியர். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். நடுக்கோட்டுக்குக் கிட்ட மீடியல், விலகினா லேட்டரல். முழங்கை மணிக்கட்டை விட ப்ராக்ஸிமல், அதாவது கை உடம்போட சேர்ற இடத்துக்குப் பக்கம். விரல் நுனி டிஸ்டல். வெட்டுத்தளம் மூணு: குறுக்கே ஆக்ஸியல், முன் பின்னாப் பிரிச்சா கரோனல், இடம் வலமாப் பிரிச்சா சாஜிட்டல். கரோனல்ல இருக்கிறது கிரீடம், சாஜிட்டல்ல இருக்கிறது அம்பு, ரெண்டும் லத்தீன்.

நமக்கு இது புதுசு இல்லை. கேசாதிபாதம், பாதாதிகேசம்னு தலையில இருந்து அடி வரைக்கும், அடியில இருந்து தலை வரைக்கும் வர்ணிக்கிற மரபு இருக்கே. யாழ்ப்பாணம் மானிப்பாயில வேலை செஞ்ச அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர், 1872-ல வெளியிட்ட உடற்கூறு நூலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்'னுதான் பேர்.

எனக்கு இது புரிஞ்சது கீழ இருக்கிற ரோட்டாலதான். மலையை வலப்பக்கம் வச்சு 14 கிலோமீட்டர் நடக்கிறோம். வழியில எட்டு லிங்கம். இந்திர லிங்கம் கிழக்கு, வருண லிங்கம் மேற்கு. அந்தத் திசை மலையோடது. நீங்க எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் வருண லிங்கம் மேற்குதான். ரிப்போர்ட்ல இருக்கிற 'இடது'ம் அப்படித்தான்.

எக்ஸ்ரேயும் சிடியும் வேறுபடுறதும் இங்கேயே இருக்கு. 1895-ல ராண்ட்ஜன் கண்டுபிடிச்ச எக்ஸ்ரே, ஒரே இடத்துல நின்னு மலையைப் பார்க்கிற மாதிரி. முன்னால இருக்கிறது, பின்னால இருக்கிறது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். பெரிய கோயில் பக்கம் நின்னா ஒரே கூம்பு. சுத்தி வந்தா ஓரிடத்துல அஞ்சு முகடு, பஞ்சமுக தரிசனம். சிடியில எக்ஸ்ரே குழாய் உடம்பைக் கிரிவலம் வருது. ஒவ்வொரு கோணத்துலயும் எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்ததுன்னு அளக்குது. லண்டன்ல காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் 1971 அக்டோபர் 1 அன்னிக்கு முதல் நோயாளியோட மூளையை எடுத்தப்போ 180 கோணம், ஒவ்வொண்ணுலயும் 160 அளவு. மொத்தம் 28,800 எண். கிடைச்ச படம் 80-க்கு 80 பிக்சல். உங்க வாட்ஸ்அப் ஸ்டிக்கரே அதை விடப் பெருசு.

சரி, அந்த எண்கள்ல இருந்து படம் எப்படி வரும்? ஒவ்வொரு கோணத்துல கிடைச்சதையும் வந்த வழியே திருப்பி இழுத்துப் பூசிக் கூட்டினா ஒரு உருவம் வரும், ஆனா சுத்தியும் பனி மூட்டம் மாதிரி மங்கல் இருக்கும். பூசுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு அளவு வரிசையையும் ஒரு வடிகட்டி வழியா கன்வல்யூஷன் பண்ணிட்டா மங்கல் போயிடும், கணக்கும் வேகமா முடியும். இதைக் காட்டின 1971 கட்டுரையை எழுதினவங்க ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துல கொலாஜன் புரதத்தோட முப்புரி அமைப்பைச் சொன்ன அதே ஆள். மேட்லேப்ல 'ஐராடான்' ஃபங்ஷனைக் கூப்பிட்டா தானா வர்ற வடிகட்டியோட பேரு ராம்-லேக். காலேஜ் லேப்ல அதை ஓட்டியிருக்கேன். ராம் யாரு, லேக் யாருன்னு அப்போ கேட்கத் தோணலை. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் போச்சு. அவங்க தகுதியானவங்கதான், ஆனா நம்ம ஆளுங்க பேரு ஒரு டிராப்டவுன் மெனுவுல சுருங்கிக் கிடக்கிறது எனக்கு உறுத்துது.

படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். தண்ணி 0, காத்து மைனஸ் 1000, எலும்பு பல நூறு. புது ரத்தம் மூளையை விட அடர்த்தி, அதனால வெள்ளையாத் தெரியும். ரத்தம் கிடைக்காம செத்துப்போன திசு நீர் கோர்த்துக் கறுக்கும், ஆனா அதுக்கு மணிக்கணக்கு ஆகும். முதல் நாள் ஸ்கேன்ல ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாததுக்கு அதுதான் காரணம். "நார்மல்னு வந்திருக்கு"ன்னு நாங்க அன்னிக்கு ராத்திரி சந்தோஷப்பட்டோம்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அண்ணாவுக்கு நைட் ஷிஃப்ட், பார்க்க முடியலை. ஆயா இப்போ இடது கையில தடியோட வாசல் வரைக்கும் நடக்கிறாங்க. ஃபிலிம் எல்லாம் ரேஷன் கார்டு இருக்கிற மஞ்சள் பையில, ஆணியில தொங்குது. கவர் மேல மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன்: இடதுன்னா ஆயாவோட இடது.