கள்ளிச் செடியும் வீட்டு ஈரமும்

(பரமட்டாவில் நடைபெற்ற சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சட்டியிலை வளர்க்கிற கள்ளியைப் பற்றிப் பேச ஒரு மேடையா எண்டு சிலர் யோசிப்பீர்கள். ஆனால் இந்த விடயம் செடியோடு நிற்பதில்லை. கள்ளி அழுகிப்போகிற வீட்டிலை பெரும்பாலும் சுவரிலையும் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருக்கும். இழுப்புக்காரப் பிள்ளைக்கு இரவிலை இழுப்புக் கூடும். இவற்றுக்குப் பின்னால் நிற்பது வீட்டுக்குள் அடைபட்ட ஈரம்.

முதலில் எந்தக் கள்ளி எண்டு சொல்லிவிடுகிறேன். ஊரிலை வேலியோரம் நின்ற சதுரக்கள்ளி வெட்டினால் பால் வடியும். அது வேறு குடும்பம். இங்கே கடைகளில் விற்கிற, மஞ்சள் முள்ளுப் பந்து போன்ற கள்ளி மெக்சிக்கோவின் வறண்ட கற்சரிவுகளுக்குரியது. எங்கள் ஊர் நாகதாளிகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன் இனத்தவற்றை 1788இல் முதற் கப்பல்களோடு இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கலாம் எண்டு. சாயம் கிடைக்கவில்லை, குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தை முள் மூடியது. 1926இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சியை விட்டுத்தான் அதை அடக்கினார்கள். இன்றும் இந்த மாநிலத்தில் நாகதாளி இனங்களில் பெரும்பாலானவற்றை விற்பதற்குத் தடை உண்டு. ஆகவே பெயர் தெரியாத கன்றை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள்.

இனி ஈரத்துக்கு வருவோம். மற்றச் செடிகள் பகலில் இலைவாயைத் திறக்கும். கள்ளி வெயிலுக்குப் பயந்து இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். இரவுக் காற்று ஈரமாக இருந்தால் செடியிலிருந்து நீர் வெளியேறுவது குறையும். வேரும் மண்ணிலிருந்து குறைவாகவே உறிஞ்சும். மண் நாட்கணக்காகக் காயாது. அதோடு குளிரும் சேர்ந்தால் வேரிலை பங்கசு பிடிக்கும். ஆகக் கள்ளியைக் கொல்லுவது ஈரக் காற்று மட்டுமல்ல. ஈரக் காற்றும் ஈர மண்ணும் குளிரும் ஒன்றாகச் சேருவதுதான்.

குளிர்காலத்திலை காற்று வறட்சிதானே எண்டு கனபேர் கேட்பினம். வெளியே அப்படி இருக்கலாம், வீட்டுக்குள் அப்படியில்லை. 20 பாகைச் செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல்தான். உங்கள் அறையில் 20 பாகையும் 60 வீத சாரீரப்பதனும் இருந்தால், அந்தக் காற்றிலே 10 கிராமுக்கு மேல் நீர் உண்டு. இரவில் யன்னல் கண்ணாடி 10 பாகைக்கு இறங்கினால் மிஞ்சின நீர் அதிலே ஒடுங்கி வடியும். காலையில் நாங்கள் துடைக்கிற தண்ணீர் அதுதான். கள்ளிச் சட்டியை அந்தக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால், வீட்டிலேயே மிகவும் குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்தது போலாகும்.

இந்த நீராவி எங்கிருந்து வருகிறது? சோறு, இடியப்பம், புட்டு அவிக்கிற ஆவி, சுடுதண்ணிக் குளிப்பு, அறைக்குள் காயப்போடுகிற உடுப்பு, இரண்டு அறையிலை ஆறு பேர் விடுகிற மூச்சு. புகைபோக்கி இல்லாத காஸ் அடுப்புக் கணப்பும் எரியும்போது நீராவியை விடும். அதோடு நச்சு வாயுவும் வரக்கூடும் என்பதால் யன்னலைத் திறவாமல் அதை எரிக்கவே கூடாது.

செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்தான். மலிவான ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கிச் செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். 40 முதல் 60 வீதம் வரை செடிக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. மாசி, பங்குனியில் இங்கே காலை வேளை 70 வீதத்தைத் தாண்டுவது வழமை. அப்போது சிறு மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். சமைக்கும்போது மூடியால் மூடி, குசினி விசிறியைப் போடுங்கள். உடுப்பை உள்ளே காயப்போடத்தான் வேண்டுமெண்டால் குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, விசிறியை ஓட விடுங்கள். காலையில் எதிரெதிர் யன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து விடுங்கள்.

சட்டி அடியில் துளையுள்ள மண்சட்டியாக இருக்கட்டும். மண்ணில் பாதிக்குப் பருமணல் கலக்கலாம்; கடற்கரை மணல் உப்பு, வேண்டாம். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் வடக்கு யன்னலுக்குக் கிட்ட, கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தண்ணீர் விட முன் ஒரு ஈர்க்கை மண்ணின் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். ஈர்க்கிலை ஈரமண் ஒட்டினால் விட வேண்டாம். செடிக்கு மேலே தண்ணீர் தெளிப்பதும் கூடாது.

எங்களுக்குச் சித்திரை எண்டால் வெயில்; இங்கே இலையுதிர்காலம். ஆகவே புத்தாண்டிலிருந்தே தண்ணீரைக் குறைத்து, ஆனி, ஆடியில் பெரும்பாலும் நிறுத்திவிடுங்கள். அடி மெத்தென்று கபிலமானால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, இரண்டு கிழமை காயவைத்து, உலர்ந்த மணலில் நடுங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்தும் சுவர் நனைகிறதா? அப்போது பிழை வீட்டிலை இருக்கலாம். 2020 மார்ச் முதல் இந்த மாநிலத்தில் வாடகை வீட்டுக்குப் போதிய காற்றோட்டம் இருக்க வேண்டும் எண்டு சட்டம் சொல்லுகிறது. படம் எடுத்து, முகவருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்திருங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். முறையிட்டால் எழுப்பிப் போடுவினம் எண்ட பயம் எங்கடை ஆட்களிடம் உண்டு. அதுவும் விசா முடிவாகாதவர்களிடம் கூட. வாடகைச் சட்டம் பிரஜைக்கு ஒன்று, விசாவில் இருப்பவருக்கு ஒன்று எண்டு இல்லை. 2025 மே 19 முதல் காரணம் காட்டாமல் வீட்டை விட்டு எழுப்பவும் முடியாது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் தேவையெண்டால் 131 450 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்.

பிள்ளை நல்லாய் மூச்சு விட வேண்டும், செடியும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது திறந்த யன்னலும், வாய் திறந்து கேட்கிற துணிவும்தான். வந்திருக்கும் ஆண்டு உங்கள் எல்லோருக்கும் நலமாய் அமையட்டும்.