சுயநலக்காரர் யார்?

"அவன் சுத்த சுயநலக்காரன்யா" என்று ஒருத்தரைத் திட்டுகிறோம். விசாரித்துப் பார்த்தால், நாம் கேட்ட கைமாத்தை அவர் கொடுத்திருக்க மாட்டார். அவ்வளவுதான்!

1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் 'சுயநல மரபணு' என்ற புத்தகத்தை எழுதினார். தலைப்பை மட்டும் படித்தவர்கள், "பார்த்தீங்களா, மனுஷன் பிறவியிலேயே சுயநலவாதி" என்று முடிவுகட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த விஷயமோ வேறு.

உதாரணத்துக்கு, வேலைக்காரத் தேனீ நம்மைக் கொட்டினால், கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீ செத்துப்போகும். கூட்டுக்காக உயிரையே விடுகிறது. தன்னிடம் உள்ள அதே மரபணுக்கள் ராணித்தேனீ வழியாகத் தழைக்கும் என்பதுதான் அதிலுள்ள கணக்கு. சுயநலம் மரபணுவுக்கு, சாவு தேனீக்கு! புத்தகத்துக்கு 'சாகாத மரபணு' என்று பெயர் வைத்திருக்கலாம் என்று டாக்கின்ஸே பிற்பாடு சொன்னார்.

இனி யாரையாவது சுயநலக்காரர் என்று சொல்லுமுன், அவர் யாருடைய பங்கை எடுத்துக்கொண்டார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.