மணலும் கிணறும் நாங்கள் கற்ற பாடமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், கல்லூரியில் விவசாய விஞ்ஞானம் கற்ற பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளே, கடல் கடந்தும் இந்த மலரைக் கையில் எடுக்கப்போகும் அக்காமாரே, தங்கைமாரே,

இந்தக் கல்லூரி வைத்தியர்களைத் தந்திருக்கிறது, சட்டத்தரணிகளைத் தந்திருக்கிறது, மாவட்டம் முழுவதற்கும் ஆசிரியைகளைத் தந்திருக்கிறது. அவர்களுக்குப் பிறகு எங்களையும் பேச அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்கள். அந்த நாளில் எங்கள் வீடுகளில் எழுந்த கேள்வி உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான்: "வெயிலில் நிற்பதற்கா பிள்ளை இவ்வளவு படிப்பு?" கேட்டவர்கள் தோட்டக்காரர்கள். வெயில் என்னவென்று அறிந்தவர்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு ஒரு மரியாதையான பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. இன்றைய உரை அந்தப் பதில்தான்.

எங்களில் சிலர் உயர்தரத்தோடு நின்று வீட்டுத் தோட்டத்துக்கே திரும்பினோம். சிலர் பேராதனைக்கும், மாக்கந்துரவில் உள்ள வயம்ப பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கும், வந்தாறுமூலைக்கும், கிளிநொச்சிக்கும் போனோம். எங்கே போனாலும் ஒரு பாடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது: வயற்பயிர் உற்பத்தியும் முகாமைத்துவமும். பெயர் நீளம், பொருள் எளிது. எந்த மண்ணில், எந்தப் போகத்தில், எந்த இனத்தை, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு நீரும் பசளையும் கொடுத்து வளர்ப்பது; களையையும் நோயையும் எப்படிக் கையாள்வது; அறுவடைக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது. இவ்வளவுதான். ஆனால் இவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாம் அசையும். அதைப் புரிய வைப்பதுதான் அந்தப் பாடத்தின் வேலை.

முதலில் பெயர்களை வாசிக்கக் கற்றோம். நெல்லில் பீஜீ என்று தொடங்கினால் அது பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. பீஜீ 300 என்றால் மூன்று மாதப் பயிர், பீஜீ 352 என்றால் மூன்றரை மாதப் பயிர். மிளகாயில் எம்.ஐ. என்று இருந்தால் அது மகா இலுப்பள்ளம. கடைக்காரர் தருவதை வாங்கி விதைப்பதற்கும், இத்தனை நாளில் மழை நிற்கும், ஆகவே இத்தனை மாத இனம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவதற்கும் இடையே ஒரு போகத்து வருமானம் இருக்கிறது.

அடுத்தது மண். வறண்ட வலயத்தின் செங்கபில மண்ணைப் பற்றித்தான் பாடநூல்கள் அதிகம் பேசும். பேராதனை விவசாய பீடத்தின் துணை வளாகம் இருக்கும் மகா இலுப்பள்ளமவில் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தவர்கள் எங்களில் உண்டு. ஈரமானால் ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். எங்கள் மண் அப்படியல்ல. பாலாவி தாண்டி நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாலை, கற்பிட்டி என்று போகப்போக ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். ரெகோசொல் என்று அதற்குப் பெயர். களிமண்ணும் சேதனப் பொருளும் மிகக் குறைவு. ஊற்றிய நீர் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது.

அப்படியானால் இந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் எப்படி விளைகின்றன? மணலுக்குக் கீழே நன்னீர் இருக்கிறது. பெய்யும் மழை மணலூடாக இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது, அதனால்தான் மிதக்கிறது. இதற்கு ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை உப்பு நீரை அது தள்ளி வைத்திருக்கும். தலைகீழாகவும் பாருங்கள். மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால் கீழே உப்பு 4 மீற்றர் ஏறலாம். ஏட்டுக் கணக்கு இது. நிலத்துக்கு நிலம் மாறும். ஆனாலும் நாள் முழுவதும் மோட்டார் போட்டு இறைத்த கிணறு ஏன் உவர்க்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இனி இன்று நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாறுகிறது. நைத்திரேற்றைப் பிடித்து வைக்க மணலால் முடியாது. மழையோ அதிக இறைப்போ வந்தால் அது நேரே கீழே போகிறது. கீழே இருப்பது நாங்கள் குடிக்கும் நீர்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை யூரியாவின் நைதரசனில் பாதி மட்டும் கீழே இறங்கினால், அதிலிருந்து ஏறத்தாழ 51 கிலோ நைத்திரேற்று உண்டாகும். பத்து இலட்சம் லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே ஒரு மூட்டையின் பாதி! கற்பிட்டிக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பற்றி ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். செறிவாகப் பயிரிடும் தோட்டங்களின் கிணறுகளில் அந்த எல்லையைத் தாண்டிய அளவுகளைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த மலரை வாசிக்கும் தாய்மாருக்காக இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்கிறோம். முதலாவது: இதனால் கூடிய ஆபத்து, பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே. நைத்திரேற்று அவர்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரண்டாவது: நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். நிறமும் மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காது. பரிசோதனை ஒன்றுதான் வழி.

இதைக் கேட்டுவிட்டுத் தோட்டக்காரரைக் குற்றவாளியாக்க வேண்டாம். மணலில் பசளை நிற்காததால் இலை மஞ்சளாகிறது. மஞ்சளைக் கண்டவர் இன்னொரு பிடி போடுகிறார். விதை வெங்காயம் விலை கூடியது. வங்கியிலோ கடையிலோ கடன் இருக்கிறது. அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுமோ என்ற பயமும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், ஒரு மூட்டை கூடப் போடுவது அவருக்கு ஒரு காப்புறுதி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களின் பெண்கள் பலர் வெங்காயப் பாத்திகளில் கூலிக்கு நின்றுதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். வெங்காயம் வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது, சொல்லவும் மாட்டோம்.

பசளையே வேண்டாம் என்பதும் விடையல்ல. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் ஒரே நாளில் தடுக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அதற்குள் பெரும்போகம் பாதிக்கப்பட்டது, அரிசியை வெளியில் வாங்க நேர்ந்தது. எங்கள் பாடத்தில் இதற்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 முதல் 2 வீதம் என்று கொண்டால், ஒரு மூட்டை யூரியாவின் 23 கிலோவுக்கு ஈடாக 1,150 முதல் 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். சேதனப் பசளை நல்லது. எங்கள் மணலுக்கு மிக மிக நல்லது. அதைச் சேர்க்கச் சேர்க்க மண் நீரையும் போஷணையையும் பிடித்து வைக்கும். ஆனால் அது ஆண்டுகள் பிடிக்கும் வேலை. ஓர் அறிவித்தலால் நடக்காது.

மூட்டை மூட்டையாகக் கொட்டுவதற்கும் முற்றாகத் தடுப்பதற்கும் நடுவில் உள்ள வழிக்குத்தான் முகாமைத்துவம் என்று பெயர். அதில் எங்கள் மணலுக்குப் பொருந்தியவற்றைச் சொல்கிறோம். ஒரே தடவையில் போடும் பசளையைப் பல தடவையாகப் பிரித்து, பயிர் கேட்கும் நாளில் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. வேர் எட்டாத ஆழத்துக்கு நீர் இறைத்தால் அது பசளையைக் கழுவி இறக்கும் வேலையைத்தான் செய்யும். குறைவாக, அடிக்கடி இறையுங்கள். வெங்காயத்துக்குப் பிறகு வெங்காயமே வேண்டாம். ஆழ வேர்விடும் சோளம், குரக்கன் போன்ற ஒன்றை வைத்தால் கீழே தங்கிய நைதரசனை அது மேலே எடுக்கும். நிலக்கடலையும் கௌபியும் வளியிலிருந்தே நைதரசனை எடுப்பவை; அவற்றுக்கு யூரியாவை அள்ளிப்போடத் தேவையில்லை. மண் பரிசோதனை இல்லாமல் பசளை வாங்காதீர்கள். குடிநீர்க் கிணறு பாத்தியின் நடுவில் இருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்றைக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி மூட்டை பல தடவை தன் விலையைக்கூடத் திருப்பித் தருவதில்லை.

இவை எங்களுக்கு மட்டும் வந்த கவலைகள் அல்ல. சுண்ணாம்புக்கல்லில் நீர் தேங்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இதே பிரச்சினை உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1991இல் இதற்கென்றே ஒரு பொது விதியை இயற்றின. பாதிப்புக்குள்ளாகக்கூடிய இடங்களில் ஹெக்டயருக்கு ஆண்டொன்றுக்குச் சாணம், எரு வழியாக 170 கிலோ நைதரசனுக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் உள்ள எல்லை. சாணத்துக்கே அளவு வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இயற்கையானது என்பதற்காக அளவில்லாமல் கொட்டலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தோஹாவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சீதனமாகவோ முதுசமாகவோ உங்கள் பெயரில் இங்கே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் இருக்கலாம். குத்தகைக்குக் கொடுத்திருப்பீர்கள். பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பீர்கள். இனி இன்னொன்றையும் கேளுங்கள்: கிணற்று நீரைப் பரிசோதித்தீர்களா? ஒரு போகத்துக்கு மட்டும் நிலத்தை எடுத்தவருக்கு அடுத்த போகத்து மண்ணைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மூன்று, நான்கு ஆண்டுக்கு எழுதிக் கொடுங்கள்; சேதனப் பசளை இடவும் பயிரை மாற்றவும் இணங்கினால் குத்தகையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அந்தக் கிணற்றில் நீர் அள்ளுபவர்கள் உங்கள் மாமி, மச்சாள், அவர்களின் பேரப்பிள்ளைகள்.

பழைய மாணவியர் சங்கத்திடம் நாங்கள் வைக்கும் கோரிக்கையும் பெரியதல்ல. கட்டடம் கேட்கவில்லை. கல்லூரிக் கிணற்று நீரையும், விரும்பும் மாணவியரின் வீட்டுக் கிணற்று நீரையும் ஆண்டுக்கு இரு தடவை, மழைக்கு முன்பும் பின்பும், பரிசோதிக்கச் செலவு ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவுகளை விவசாய விஞ்ஞான வகுப்புப் பிள்ளைகள் ஒரு பதிவேட்டில் எழுதி வரட்டும். பத்து வருடம் கழித்து அந்தப் பதிவேடு எந்தக் கட்டடத்தையும்விட இந்த ஊருக்குப் பயன்படும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தங்கைமாரே, வெயிலில் நிற்பதற்கா இவ்வளவு படிப்பு என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். ஆம் என்று சொல்லுங்கள். வாப்பாவும் உம்மாவும், அப்பாவும் அம்மாவும் அந்த வெயிலில் நின்றுதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்கு மண்ணின் மேலே நடப்பது தெரியும். கீழே நடப்பதை அளந்து சொல்ல வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நீங்களாக இருங்கள்.